கரிசல் மண்ணுல வீட்டுத்தோட்டம்: மழை பெஞ்சா சகதி, காஞ்சா கல்லு, என்னதான் பண்றது?

வெண்டக்கா வீடு (சித்திரை மாசம் போட்டது)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா வாசிக்கிறதோட சரி, முதல் தடவையா கேக்குறேன், பதிவு கொஞ்சம் நீளமாயிட்டு, மன்னிச்சிக்கோங்க.

எங்க வீடு கோவில்பட்டிக்கு வெளிய, எட்டயபுரம் ரோட்டுப் பக்கம். புது வீடு, குடிவந்து ஒன்ற வருஷம் ஆச்சு. பின்னால ரெண்டு சென்ட் இடம் சும்மா கெடக்கு, வீட்டுக்கு காய்கறி போட்டுரலாம்னு ஆசை. போன புரட்டாசில தக்காளி, கத்தரி நாத்து வாங்கி நட்டேன், ஒரு மூலைல கேரட் விதையும் தூவுனேன். ஐப்பசி மழை ஆரம்பிச்சு மூணு நாள் விடாம பெஞ்சுது பாருங்க, தோட்டமே தெப்பக்குளமாயிட்டு, மழை நின்னு நாலு நாளாகியும் தண்ணி வத்தல. தக்காளி இலையெல்லாம் மஞ்சளாகி தொங்கிருச்சு, ஒண்ண புடுங்கிப் பாத்தா வேரு பழுப்பா சாக்கடை வாடை அடிக்குது. கத்தரில நாலு பொழச்சது ஆனா முழங்காலுக்கு மேல வளரல. கேரட்டு சுண்டுவிரல் சைஸ்ல ரெண்டா மூணா பிரிஞ்சு வந்துச்சு, அத பாத்து வீட்ல சிரிக்காத ஆளே கெடையாது.

இப்ப வெயிலுக்கு அதே மண்ணு பாளம் பாளமா வெடிச்சு கெடக்கு. என் மகன் வெடிப்பு எவ்வளவு ஆழம்னு பாக்கேன்னு 30 செ.மீ ஸ்கேல விட்டான், முழுசா உள்ள போயிட்டு, இன்னும் எடுக்க முடியல. மம்பட்டி போட்டா தெறிச்சு வருது, கைதான் வலிக்குது.

பக்கத்து வீட்டு அண்ணன் ரெண்டு யூனிட் மணல் அடிச்சு கலந்துருங்கன்னு சொல்றாரு. ஒரு நர்சரில மண்ண இளக்கும்னு ஒரு பாட்டில் மருந்து குடுத்து 600 ரூவா வாங்கிட்டாங்க, ஊத்துனதுல ஒரு வித்தியாசமும் தெரியல. எங்க மாமியார் இந்த மண்ணே வேணாம், அள்ளிப் போட்டுட்டு செம்மண் அடிங்கங்காங்க. ஜிப்சம் போட்டா பொலபொலன்னு ஆயிரும்னு யூடியூப்ல ஒருத்தர் சொல்றாரு. எது சரி? கையில எட்டாயிரம் வரைக்கும் செலவு பண்ணலாம், அதுக்கு மேல முடியாது.

மாடித்தோட்ட ரசிகன்

சிஸ்டர் ரொம்ப யோசிக்காதீங்க, மூணுல ஒரு பங்கு மணல், ஒரு பங்கு கோகோபீட் (தேங்கா நார்க்கழிவுத் தூள்), ஒரு பங்கு உங்க மண்ணு. நான் மடிப்பாக்கத்துல மாடில க்ரோ பேக்ல இப்படித்தான் போடுறேன், தக்காளி சும்மா அள்ளுது. ஆத்து மணல் கிடைக்கலன்னா எம்-சாண்ட் கூட ஓகே.

கரிசக்காட்டு சம்சாரி

தம்பி, பையில போடுற கணக்கு வேற, தரையில போடுற கணக்கு வேற. பையி 20 கிலோ, தரை எவ்வளவுன்னு நெனைக்கீங்க. ரெண்டு சென்ட்டு இடத்துல அரை அடி ஆழத்துக்கு மட்டும் மண்ண எடுத்தா ஏறக்குறைய 16 டன் வரும். கரிசல்ல பாதிக்குப் பாதி களிமண்ணுன்னு வச்சுக்கோங்க, அத முப்பது சதவீதத்துக்கு கொண்டு வரணும்னாலே பத்து டன்னுக்கு மேல மணல் கொட்டணும், அதுவும் அரை அடிக்குத்தான், வேரு அதுக்குக் கீழ போனா மறுபடி பழைய கதைதான். அந்த தாயி கையில இருக்கிறது எட்டாயிரம். கொஞ்சமா போட்டா என்ன ஆகும்னா களி மணல சுத்திப் புடிச்சுக்கிட்டு காஞ்சதும் செங்கல் மாதிரி ஆயிரும், மண் சுவரு வைக்கிறவன் களியும் மணலும் எதுக்கு சேத்துக் குழைக்கான்? எம்-சாண்ட்ல பவுடர் வேற கெடக்கும், அது இருக்குற கொஞ்ச நஞ்ச ஓட்டையவும் அடைச்சுரும்.

தாயி, மொதல்ல ஒண்ணு சொல்லிருதேன், ஒங்க மண்ணு மோசமான மண்ணு இல்ல. விளாத்திகுளம், எட்டயபுரம், சாத்தூர் பக்கமெல்லாம் மழை நின்னப்பறம் ஒரு சொட்டு தண்ணி பாய்ச்சாம மண்ணுல இருக்குற ஈரத்துலயே கொத்தமல்லியும் கொண்டக்கடலையும் வெளைய வைக்கோம், செவல்ல, அதான் செம்மண்ணுல, அது நடக்குமா? கரிசல் தண்ணியையும் சத்தையும் புடிச்சு வச்சுக்கிடும். ஆனா அது ஒரு பதத்துக்குத்தான் கட்டுப்படும், அந்தப் பதத்த விட்டுட்டு நாம தொட்டோம்னா பழி வாங்கிரும்.

பதம் எப்படிப் பாக்கதுன்னா, மம்பட்டி போட்டு ஒரு வெட்டு வெட்டுங்க. வெட்டுன முகம் கண்ணாடி மாதிரி மினுங்குச்சுன்னா ஈரம் அதிகம், அன்னைக்கு தொடவே கூடாது. வெட்டும்போது தெறிச்சா ரொம்ப காஞ்சு போச்சு. ஒரு கை அள்ளி உருண்டை புடிங்க, பெருவிரல வச்சு அமுக்குனா உருண்டை நசுங்காம உதிரணும், அதுதான் பதம். மழைக்கப்பறம் அந்தப் பதம் ஒரு மூணு நாலு நாளைக்குத்தான் நிக்கும். சகதில இறங்கி கொத்துனீங்கன்னா அந்த வருசம் பூரா கட்டியோடதான் மல்லுக்கட்டணும்.

ரெண்டாவது, கரிசல்ல தரைமட்டத்துல செடி வச்சா ஐப்பசில அழுகத்தான் செய்யும், மேட்டுப்பாத்தி போடுங்க. மூணரை நாலடி அகலம், ஒரு அடி ஒசரம், நடுவுல ஒன்றடி நடைபாதை, அந்த நடைபாதையே மழைக்கு வாய்க்கா. பாத்தி மேல ஒருநாளும் கால் வைக்கக் கூடாது, பிள்ளைகளையும் ஏற விடாதீங்க. வாய்க்கா எல்லாம் ஒரு பக்கம் லேசா சரிஞ்சு வெளிய போற மாதிரி இருக்கணும். இதுக்கு காசு கெடையாது, ஒடம்புதான் வலிக்கும்.

மூணாவது எரு. குப்பையா இலையா சாணியா எது கெடைச்சாலும், ஆனா மக்குனது. ஆட்டுப்புழுக்கை வாங்குனா ஒரு ஆறு மாசம் குழியில போட்டு மக்க விட்டுப் போடுங்க, சீமைக்கருவை காயத் தின்ன ஆடு பூரா தோட்டத்துல கருவை வெதைச்சுட்டுப் போயிரும், நான் பட்டிருக்கேன்.

மானாமதுரை மிளகா

எங்க ஊர்ல கண்மாய் கரம்பை (அடில படிஞ்ச வண்டல்) அடிச்சதுக்கப்பறம் தோட்டமே மாறிப்போச்சு, தாலுகா ஆபீஸ்ல மனு குடுத்தா எடுத்துக்க விடுவாங்க, மண்ணுக்கு காசு கிடையாது, டிராக்டர் வாடகை மட்டும்தான். அவங்களும் ட்ரை பண்ணலாமே?

கரிசக்காட்டு சம்சாரி

கரம்பை செவலுக்குப் போடுறது. ஒங்க மண்ணு தண்ணி நிக்காத மண்ணு, அதுக்கு கரம்பை மருந்து. கரிசல்ல கரம்பை போட்டா களியில களியக் கொட்டுன கததான்.

அக்ரி படிச்சவன்

சம்சாரி அண்ணன் சொன்னதுல 90 சதவீதம் அப்படியே ஒத்துக்குறேன். ஜிப்சம் பத்தி மட்டும் கொஞ்சம் விளக்குறேன், ஏன்னா இது இங்க மாசம் ஒரு தடவ வருது, எல்லாரும் போடு போடுங்குறாங்க.

கரிசல் களி ஈரம் பட்டா உப்பும், காஞ்சா சுருங்கும். அதோட தகடுகளுக்கு நடுவுல தண்ணி போய் உக்காருறதாலதான் அப்படி, அது அந்த களியோட பொறப்பு, எந்த பாட்டில் மருந்தாலயும் மாத்த முடியாது. ஜிப்சம் வேலை செய்யிறது ஒரே ஒரு நிலைமைல, மண்ணுல சோடியம் அதிகமா இருந்தா. சோடியம் களித் துகளை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட விடாம பிரிச்சுப் போட்டுரும், ஜிப்சத்துல இருக்குற கால்சியம் வந்து சோடியத்தை தள்ளிட்டு அந்த எடத்துல உக்காரும், வெளிய வந்த சோடியம் தண்ணியோட கீழ வடிஞ்சு போயிரும். வடிகால் இல்லன்னா எங்க போகும்? அங்கயேதான் கெடக்கும். பொதுவா பிஹெச் (மண்ணோட புளிப்பு, கார அளவு) 8.5க்கு மேல, சோடியத்தோட பங்கு 15 சதவீதத்துக்கு மேல இருந்தாத்தான் களர் மண்ணுன்னு சொல்லுவோம். சாதா கரிசல்ல சுண்ணாம்பே ஏகத்துக்கு கெடக்கும், அதுல போய் இன்னும் கால்சியம் போடுறதுல காசுதான் வேஸ்ட்.

சோடியம் இருக்கான்னு வீட்லயே ஒரு அளவுக்கு பாக்கலாம். நல்லா காஞ்ச மண்ணுல பட்டாணி சைஸ் கட்டி மூணு நாலு எடுங்க, ஒரு கண்ணாடி டம்ளர்ல மழைத்தண்ணியோ இல்ல பேட்டரி கடைல விக்கிற டிஸ்டில்டு வாட்டரோ ஊத்தி கட்டிய மெதுவா உள்ள விடுங்க, கலக்கவோ ஆட்டவோ கூடாது. உங்க போர் தண்ணில பண்ணாதீங்க, உப்புத்தண்ணி ரிசல்ட்ட மறைச்சுரும். ரெண்டு மணி நேரம் கழிச்சும் மறுநாள் காலைலயும் பாருங்க. கட்டிய சுத்தி பால் கலந்த மாதிரி கலங்கல் பரவுனா சோடியம் பிரச்சனை, ஜிப்சம் யோசிக்கலாம். கட்டி உதிர்ந்து குவிஞ்சு கெடக்கு ஆனா தண்ணி தெளிவா இருக்குன்னா மண்ணுல மக்கு பத்தல, எருதான் வேணும். அப்படியே முழுசா இருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி. எப்படி இருந்தாலும் மண்ணையும் போர் தண்ணியையும் வேளாண் துறை பரிசோதனை நிலையத்துல குடுத்துருங்க, கட்டணம் பெருசா இருக்காது.

இன்னொண்ணு, அடுப்பு சாம்பல், சுண்ணாம்பு ரெண்டையும் தோட்டத்துப் பக்கமே கொண்டு போகாதீங்க. அதெல்லாம் புளிப்பு மண்ணுக்கு. உங்க மண்ணு ஏற்கனவே கார மண்ணு.

அப்பறம் குழி ஒண்ணு தோண்டிப் பாருங்க, ஒரு ரெண்டடி. இத ஏன் சொல்றேன்னா புது வீடுன்னு சொன்னீங்க.

ஈரோட்டுக்காரி

கோகோபீட் பத்தி ஒரு வார்த்தைங்க. நாங்க நார் மில்லுக்குப் பக்கத்துல இருக்கோம், பச்சை நார்க்கழிவு டிராக்டர்ல சும்மாவே குடுப்பாங்க, வாங்கி அப்படியே போட்டு ஒரு போகம் போச்சுங்க. செடியெல்லாம் வெளிறிப் போச்சு. பச்சைக் கழிவுல கரிச்சத்து தழைச்சத்தைப் போல நூறு மடங்குக்கு மேல இருக்குமாம், அது மக்குறதுக்கு மண்ணுல இருக்குற தழைச்சத்தையெல்லாம் அதுவே எடுத்துக்குமாம். மக்க வச்ச நார்க்கழிவுன்னா தாராளமா போடுங்க. மரத்தூளுக்கும் இதே கதைதானுங்க.

வெண்டக்கா வீடு (பத்து நாள் கழிச்சு)

எல்லாருக்கும் நன்றி, சொன்னதெல்லாம் பண்ணேன்.

டம்ளர் டெஸ்ட்: அஞ்சு நிமிஷத்துலயே கட்டி பொத்துன்னு உதிர்ந்து அடில மாவு மாதிரி குவிஞ்சிட்டு, ஆனா தண்ணி மறுநாள் வரைக்கும் தெளிவாத்தான் இருந்துச்சு. மண் ரிசல்ட்டும் வந்துட்டு, பிஹெச் 8.3, உப்பு நார்மல்னு போட்ருக்கு, கரிமச்சத்து குறைவு.

குழி விஷயம்தான் பெரிய கதை. ஆளு வச்சு தோண்டுனேன் (ஸ்கேல் கெடைச்சிட்டு, ரெண்டா ஒடஞ்சு!). மேல ஒரு அடிக்கு கரிசல், ஆனா அதுல வெள்ளை வெள்ளையா சுண்ணாம்புக் கட்டி நெறைய கெடக்கு. அதுக்குக் கீழ கடப்பாரை ணங்குன்னு அடிச்சுது. பாத்தா செவப்பா கிராவல், முக்கா அடி கனத்துக்கு ரோடு மாதிரி இறுகிக் கெடக்கு. அதுக்கும் கீழதான் பழைய கரிசல், அது பாக்கவே வேற மாதிரி இருக்கு, கன்னங்கரேல்னு, கைல புடிச்சா உதிருது. வீட்டுக்காரர்ட்ட கேட்டா அப்பதான் சொல்றாரு, வீடு கட்டும்போது மழைக்காலத்துல லாரி சேத்துல மாட்டாம இருக்க பின்பக்கம் கிராவல் அடிச்சாங்களாம், அப்பறம் அஸ்திவாரக் குழியில தோண்டுன மண்ண அது மேலயே பரப்பி லெவல் பண்ணிட்டாங்களாம். இத ஒன்ற வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

அக்ரி படிச்சவன்

அதான் சந்தேகப்பட்டேன். நீங்க இத்தன நாளா செடி வச்சது மேல்மண்ணுல இல்ல, ஆறடி ஆழத்துல இருந்து வந்த அடிமண்ணுல. அதுல மக்கும் இல்ல, உயிரும் இல்ல, அந்த வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டி, சுக்காங்கல் வேற. அடில கிராவல் தட்டு, தண்ணிக்கு போக வழியே இல்ல, தக்காளி வேருக்கு காத்து எங்க இருந்து வரும்? ஜிப்சம் வேணாம், தண்ணி தெளிவா இருந்ததுலயே அது முடிஞ்சு போச்சு.

கரிசக்காட்டு சம்சாரி

தாயி, மண்ண முழுசா அள்ளணும்னு ஆரம்பிக்காதீங்க, எட்டாயிரம் மூணு நாள் கூலிக்கே பத்தாது. மேல் மண்ணுல நல்லா வெள்ளையா கட்டியா தெரியிற எடத்த மட்டும் வழிச்சு மூலைல ஒதுக்குங்க. பாத்தி வரப்போற எடத்துல மட்டும் கிராவல கடப்பாரையால ஒரு அடிக்கு ஒரு குத்துன்னு ஒடச்சு விடுங்க, வேரு கீழ எறங்குறதுக்கு. தண்ணி அதுவழியா போயிரும்னு மட்டும் நம்பிராதீங்க, கீழ இருக்குறதும் கரிசல்தான், நனைஞ்சா ஓட்டைய மூடிக்கிடும். தண்ணிய மேலயே வடிய வைக்கணும்.

இப்ப வெயில்ல நல்லா வெடிச்சு கெடக்குல்லா, அந்த வெடிப்புக்குள்ள மக்குன சாணித்தூள அள்ளிப் போட்டு கூட்டி விடுங்க. கரிசல் வெடிச்சு மூடி வெடிச்சு மூடி தன்னைத்தானே பெரட்டிக்கிடுற மண்ணு, மண்ணுக்குள்ள ஆழமா எரு கொண்டு போக இதவிட லேசான வழி கெடையாது, கூலியும் மிச்சம். மேல ஒரு டிராக்டர் எரு அடிங்க. ஏக்கருக்கு பத்து டன்னு சொல்லுவாக, அப்படிப் பாத்தா சென்ட்டுக்கு நூறு கிலோதான் வருது, ஒங்க மண்ணு செத்த மண்ணு, மூணு பங்கு நாலு பங்கு போட்டாலும் தப்பில்ல.

ஆடி பொறந்ததும் தக்கைப்பூண்டு வெதைங்க, அது பசுந்தாள் உரச் செடி, சென்ட்டுக்கு 200 கிராம் போதும், சொந்தத் தண்ணி இருக்குல்லா. ஒரு நாப்பத்தஞ்சு நாள்ல பூ எடுக்குற சமயம் அறுத்து துண்டு போட்டு மண்ணோட கொத்தி விட்டுருங்க, பூ முத்த விட்டா தண்டு வெறகாயிரும். ஒரு ரெண்டு மூணு வாரம் மக்கட்டும். புரட்டாசி கடைசில பாத்தி புடிச்சு நாத்து வச்சா ஐப்பசி மழைக்கு சரியா இருக்கும்.

டெல்டா தம்பி

சணப்பும் போடலாம்ல அண்ணே? எங்க திருவாரூர் பக்கம் ரெண்டும் போடுவாங்க.

கரிசக்காட்டு சம்சாரி

போடலாம், ஆனா சணப்புக்கு தண்ணி நின்னா ஆகாது, தக்கைப்பூண்டு நிக்கும், உப்பையும் தாங்கும். அவுக எடம் இப்ப தட்டு போட்ட தொட்டி மாதிரி, அதனால சொன்னேன். ஒங்க ஊர்க்காரனுக்கு இது தெரியாததா.

மாடித்தோட்ட ரசிகன்

நான் மணல் சொன்னது தப்புதான் போல, சாரி சிஸ்டர். எரிச்ச கரித்தூள் போட்டா மண்ணு லூசாகும்னு இப்ப நிறைய பேர் சொல்றாங்களே, அது ஓகேவா?

அக்ரி படிச்சவன்

கரித்தூள் வேற சாம்பல் வேற. அவங்க பக்கம் கருவேல கரிமூட்டம் நிறைய உண்டு, சலிச்ச தூள் சல்லிசா கெடைக்கும். நல்லா தண்ணி விட்டு அலசி சாம்பல போக்கிட்டு, ஒரு ரெண்டு வாரம் சாணிக்கரைசல்ல ஊற வச்சு எருவோட கலந்து போடலாம். ஆனா இது கூடுதல் வேலை, எருவுக்குப் பதிலா இல்ல. பட்ஜெட்ட பாத்தா நான் முதல்ல எருவுக்குத்தான் செலவு பண்ணுவேன்.

மேட்டுப்பாத்திய பத்தி ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். இது ஏதோ வீட்டுத்தோட்டத்து ஃபேஷன் இல்ல. ஐதராபாத் பக்கம் பட்டாஞ்செருவுல இருக்குற இக்ரிசாட்ங்கிற சர்வதேச பயிர் ஆராய்ச்சி நிலையத்துல 1970கள்லயே கரிசல் நிலத்துக்குன்னே அகலப்பாத்தியும் சாலும் வச்சு பாத்து, மானாவாரிக்கு அதத்தான் சிபாரிசு பண்ணாங்க. மழைத்தண்ணி சால்ல ஓடிரும், பாத்தில வேருக்கு காத்து இருக்கும், ரெண்டு சென்ட்டுக்கும் அதே லாஜிக்தான்.

வெண்டக்கா வீடு (மார்கழி)

யாருக்கும் ஞாபகம் இருக்கான்னு தெரியல, நான்தான் கிராவல் வீடு. சொன்ன மாதிரியே பண்ணேன், என்ன ஆச்சுன்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.

மொத்தம் நாலு பாத்தி. கடப்பாரைக்கு வந்தவரு மூணு பாத்தி முடிச்சுட்டு மத்தியானம் சாப்ட போனவரு திரும்ப வரவே இல்ல, போன் போட்டா எடுக்கல, அதனால நாலாவது பாத்தில கிராவல் அப்படியே கெடக்கு. தக்கைப்பூண்டு விதையும் மூணு பாத்திக்குத்தான் பத்துச்சு. எரு மட்டும் நாலுலயும் ஒரே மாதிரி போட்டேன். மேல மக்காச்சோளத் தட்டைய வெட்டி மூடாக்கு போட்ருக்கு, கரையான் கொஞ்சம் வந்துச்சு ஆனா காஞ்ச தட்டையத்தான் திங்கிது, செடிய தொடல.

இந்த வருஷ மழைல நடைபாதை ஃபுல்லா தண்ணி ஓடுச்சு, பாத்தி மேல நிக்கவே இல்ல. முதல் மழைல மட்டும் வாய்க்கா நடுவுல ஒரு எடம் பள்ளமா போயி தேங்கிருச்சு, கொட்டுற மழையில கொடை புடிச்சிட்டு நானும் மகனும் மம்பட்டியால வெட்டி விட்டோம். வெண்டையும் சீனியவரையும் இப்ப நாளுக்கு அரை கிலோ வருது. தக்காளி நாலஞ்சு செடிதான் வச்சேன், காய் புடிச்சிருக்கு. சம்சாரி அண்ணாச்சி சொன்னாங்களேன்னு வரப்பு ஓரத்துல மல்லி தூவுனேன், ரசத்துக்கு கடையில வாங்கியே ஒரு மாசம் ஆச்சு. போன வாரம் ஒரு செடிய புடுங்குனப்ப வேர்க்கட்டோட மண்ணு மிக்சர் மாதிரி உதிர்ந்துச்சு, உள்ள ரெண்டு மண்புழு. வீட்டுக்காரர கூப்ட்டு காட்டுனேன், அவரு புழுவ பாக்க கூப்டியான்னு கேட்டுட்டு போயிட்டாரு.

நாலாவது பாத்திதான் சொதப்பல். மிளகா அங்க வச்சேன், ஒசரமே வரல, இப்ப புது இலையெல்லாம் மஞ்சளாகுது, நரம்பு மட்டும் பச்சையா கோடு கோடா தெரியுது. சாணித்தண்ணி ஊத்துனேன், மாறல. என்னவா இருக்கும்? அப்பறம் கேரட்டு இந்த தடவயும் ரெண்டு கால் மூணு காலாத்தான் வந்துச்சு.

அக்ரி படிச்சவன்

பழைய இலை பச்சையா இருந்து கொழுந்து மட்டும் அப்படின்னா இரும்புச்சத்து. மண்ணுல இரும்பு இல்லாம இல்ல, சுண்ணாம்பு அதிகம் இருக்குறதால வேரால எடுக்க முடியல, தண்ணி தேங்குனா இன்னும் மோசம். நாட்டுமருந்து கடைல அன்னபேதி (இரும்பு சல்பேட்) கேளுங்க, லிட்டருக்கு 5 கிராம், அதுல ஒரு அரை எலுமிச்சை புழிஞ்சு, சாயங்காலமா இலை நனைய தெளிங்க. பத்து நாள் விட்டு இன்னொரு தடவ. சுவத்துல டைல்ஸ்ல பட்டா துரு கறை புடிச்சுக்கும், பாத்து அடிங்க. இது தற்காலிகம்தான், அந்தப் பாத்தியோட கிராவல உடைக்காம விடிவு கிடையாது.

கரிசக்காட்டு சம்சாரி

சந்தோசம் தாயி. மிளகா முடியட்டும், மாசி பங்குனில காய்ப்பு ஓஞ்சதும் செடிய வேரோட புடுங்காதீங்க, தரையோட அறுத்து விடுங்க, வேரு மண்ணுக்குள்ளயே மக்குனா அது போன தடம் பூரா அடுத்த மழைக்கு தண்ணிக்கு வழி. அதுக்கப்பறம் கடப்பாரைக்கு ஆள் தேடுங்க, இந்த தடவ சாப்பாட்டையும் நீங்களே போட்ருங்க, வெளிய விடாதீங்க.

கேரட்ட மறந்துருங்க, அது ஊட்டிக்காரன் பயிரு, கரிசல்ல ஒரு கட்டி குறுக்க வந்தாலே வேரு பிரிஞ்சுரும். முள்ளங்கி வேணும்னா ரெண்டாவது பாத்தில போட்டுப் பாருங்க.

வெண்டக்கா வீடு

ஹாஹா சரி அண்ணாச்சி. அன்னபேதி வாங்கிட்டேன், பச்சை கலர்ல கல்கண்டு மாதிரி இருக்கு, மேல லேசா பழுப்புப் பொடி படிஞ்சிருக்கு, பரவால்லயா?

அக்ரி படிச்சவன்

பழுப்பா ஆனத தண்ணில ஒரு அலசு அலசிட்டு பச்சைக் கட்டிய மட்டும் எடுங்க. மிச்சத்த காத்து போகாத டப்பால போட்டு மூடி வைங்க, பிள்ளைங்க கைக்கு எட்டாத எடத்துல, கல்கண்டுன்னு நெனச்சு வாயில போட்ற போறான்.